வெளியே ஒன்றும் மாறவில்லை

ஆபீஸில் டீ போடுகிற அறையில் கோப்பைகள் வைக்க ஒரு மர அலமாரி இருந்தது. ஒரு பக்கம் இற்றுப்போய்ச் சாய்ந்துகொண்டிருந்தது. என்றைக்காவது யார் தலையிலாவது விழும் என்று எல்லோரும் சொன்னோம், யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு சனிக்கிழமை அக்கா ஆசாரியைக் கூட்டிவந்து அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டினாள். பழையதற்கும் புதியதற்கும் தட்டுகளின் உயரம் வேறு, அகலம் வேறு, மரமே வேறு. திங்கட்கிழமை காலையில் ஒவ்வொருத்தராக வந்தார்கள். பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினார்கள். அவரவர் கோப்பை அவரவர் கைக்கு வந்தது. ஒருத்தர்கூட அலமாரி மாறியதைப் பார்க்கவில்லை.

அக்கா கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"சொல்லிடலாமாக்கா, புது அலமாரின்னு?" என்றேன்.

"வாயை மூடு. சொன்னா கெட்டுச்சு" என்றாள்.

அக்கா என்றால் இதுதான். இதற்கு மேல் நான் எழுதப்போவதெல்லாம் இதேதான், வேறு வேறு இடத்தில்.

பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. எனக்கு அவள்மேல் கோபம் இன்னும் இருக்கிறது, ஆனால் அவளுக்குப் பிடிக்காததைச் செய்ய மனசு வரவில்லை. நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருஷங்கள். படூரில், மெயின் ரோட்டை ஒட்டி, பாதி கட்டிய அடுக்குமாடிகளுக்கு நடுவில் ஒரு கட்டடத்தின் மேல்மாடிதான் எங்கள் கம்பெனி. சின்னக் கம்பெனி. செங்கல்பட்டிலிருந்து ஒரு வேன் கிளம்பும். திருக்கழுக்குன்றத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு, பூஞ்சேரி கூட்டுரோடு போய், திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாகப் படூர். திருக்கழுக்குன்றத்தில் அக்கா கோயில் பக்கத்துத் தெருவில் ஏறுவாள். நான் ஊருக்கு வெளியே, காலனி முனையில் ஏறுவேன். அவள் அப்பா கோயிலில் பதிகம் பாடுகிறவர். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் வரப்பு அண்டைவெட்டிக்கொண்டிருந்து, பிறகு அணுபுரம் குடியிருப்பில் காண்ட்ராக்டில் தோட்ட வேலைக்குப் போனவர். இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே வேனில் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஒரே வேலைக்குப் போனோம். நாடு முன்னேறிவிட்டது என்று இதைக் காட்டிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும்.

எங்கள் வேலையை வீட்டில் விளக்கி நான் ஜெயித்ததே இல்லை. இங்கே முயற்சி செய்கிறேன். வீடு கட்டுவதற்கு முன்னால் பிளான் போடுகிறோம். அதேபோல ஒரு இயந்திரத்துக்கு நிரல் எழுதுவதற்கு முன்னால், அது எப்போது என்ன செய்யும், என்ன செய்யவே செய்யாது என்று கணக்குக் குறிகளில் எழுதிவைப்பார்கள். அதை ஸ்பெக் என்போம். கதவுக்கு ஒரு கிளாஸ், பெட்டிக்கு ஒரு கிளாஸ், பட்டன்களுக்கு ஒரு கிளாஸ் என்று பகுதி பகுதியாக இருக்கும். எங்களுக்கு வந்தது ஒரு வெளிநாட்டு லிஃப்ட் கம்பெனியின் ஸ்பெக். ஆஸ்பத்திரிகளில் ஸ்ட்ரெச்சர் ஏற்றுகிற லிஃப்ட். பல வருஷமாகப் பலபேர் கைவைத்து, ஒருத்தன் எழுதியது இன்னொருத்தனுக்குப் புரியாமல், மேலே மேலே ஒட்டுப்போட்ட சமாசாரம். அதைப் பிரித்து அடுக்கி, மனுஷன் படிக்கிற மாதிரி ஆக்கித் தரவேண்டும். ஆனால் அது சொல்கிற விஷயம் மாறவே கூடாது. பழைய ஸ்பெக்கில் லிஃப்ட் என்ன செய்யுமோ அதையேதான் புதியதிலும் செய்யவேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒவ்வொரு முறை எதையாவது இடம் மாற்றும்போதும், மாறவில்லை என்று கணக்குப் போட்டு நிரூபிக்கவேண்டும்.

ரீஃபாக்டரிங் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அக்கா 'நகர்த்தறது' என்பாள்.

அதில் அவளுக்கு இணையாக நான் யாரையும் பார்க்கவில்லை. ஒரு கிளாஸை இரண்டாக வெட்டுவாள். இரண்டை ஒன்றாக ஒட்டுவாள். ஒரு தடவைக்கு ஒரு நகர்த்தல்தான். நகர்த்தியதும் பேனாவை மூடிவைத்துவிட்டு, "இப்ப வெளியில இருந்து பாரு. யாருக்காவது வித்தியாசம் தெரியுதா?" என்பாள். இந்தக் கேள்வியை அவள் கேட்காத நாளில்லை. எப்படி நகர்த்தினால் வித்தியாசம் தெரியாது என்பதற்கு அவளே விதிகள் எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விதிக்கும் கீழே எந்த நிபந்தனையில் அது செல்லும் என்று எழுதியிருப்பாள். வேலை முடிந்து அந்த ஸ்பெக் தேறிவிட்டால், தங்கள் கம்பெனியின் எல்லா ஸ்பெக்குகளையும் இந்த விதிகளை வைத்தே நகர்த்துவதாகவும், அதை அக்காவே இங்கிருந்து நடத்தலாம் என்றும் கிளையன்ட், அந்த லிஃப்ட் கம்பெனிக்காரன், சொல்லியிருந்தான். அக்காவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வேறு எதையும் அவள் எனக்கு வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. சம்பளம்கூட.

ஒரு தடவை நான் அந்த ஸ்பெக்கில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். அடித்தளத்துக்கு வந்தால் மட்டும் மணி இரண்டு தடவை அடித்தது. எவனோ ஒருத்தன் ஒரே வரியை இரண்டு இடத்தில் எழுதிவிட்டான், அவ்வளவுதான்.

"ஒண்ண அடிச்சிடறேங்க்கா" என்றேன்.

"தொடாதே."

"தப்புக்கா இது. பாத்தாலே தெரியுது."

"தெரியட்டும். நாம நகர்த்த வந்திருக்கோம். திருத்தறது வேற வேலை, அதுக்கு வேற நாள். நகர்த்தும்போது திருத்தினேன்னு வெச்சுக்கோ, எது நகர்ந்தது எது மாறிச்சுன்னு நாளைக்கு எவனுக்கும் சொல்லமுடியாது."

தனியாக எழுதிக் கிளையன்டுக்கு அனுப்பினாள். அவன் பதில் போடுவதற்குள் நாங்கள் அந்தப் பகுதியை நகர்த்தி முடித்துவிட்டோம். புதிய ஸ்பெக்கிலும் மணி இரண்டு தடவை அடிக்கும் என்று அக்கா ஒரு பக்கத்துக்கு நிரூபணம் எழுதினாள். ஒரு தப்பை இவ்வளவு பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போகிற ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன். சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வேன் டிரைவர் அண்ணாத்தைக்கு அவளைக் கிண்டல் செய்யாமல் வண்டி ஓடாது. ஒரு மழைக்காலத்தில் பூஞ்சேரிப் பக்கம் தண்ணீர் நின்று பாதை அடைத்தபோது, யாரை எங்கே ஏற்றுவது, எந்த வழியாகப் போவது என்று அக்காதான் மாற்றிக் கொடுத்தாள். வழக்கமாகப் போகிற அதே நேரத்துக்கு ஆபீஸில் போய் இறங்கினோம்.

"இன்னாக்கா நீ" என்றார் அவர். "ரோட்டையே மாத்திக்கினு டைம மாத்தாம வெச்சிகீற. நீயெல்லாம் கல்யாணம் கட்டிகினா மாப்ளைக்கே தெரியாது போல கீதே."

"தெரிஞ்சா அப்புறம் என்ன கல்யாணம்" என்றாள் அக்கா. வேனே சிரித்தது. அவள்தான் அதிகம் சிரித்தாள்.

இதுவரைக்கும் எனக்கு அவளைப் பிடித்திருந்தது. பிடிக்காமல் போன நாளையும் சொல்லியாக வேண்டும்.

சித்திரைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு வரச்சொன்னாள். ஆபீஸிலிருந்து ஐந்தாறு பேர் போனோம். தேர் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தோம். நல்ல வீடு, நல்ல மனுஷர்கள். அவள் அம்மா என்னை உட்காரச் சொன்னாள், எந்த ஊர் என்று கேட்டாள், காலனி என்றதும் தலையாட்டினாள். கொஞ்சநேரத்தில் அக்கா காபி கொண்டுவந்தாள். வெள்ளை பிளாஸ்டிக் கப். விரலில் பிடித்தால் நசுங்குகிற ரகம். எல்லோருக்கும் அதேதான். அக்காவும் அதில்தான் குடித்தாள். அவள் அப்பா கப்பைப் பிடிக்கத் தெரியாமல் துண்டை வைத்துப் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தார். உள்ளே சமையலறைச் சுவரில், துலக்கிக் கவிழ்த்த பித்தளை டம்ளர்கள் வரிசையாக இருந்தது எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை வேனில் கேட்டேன். மனசில் வைத்துக்கொண்டு இருக்க எனக்குத் தெரியாது.

"ஏங்க்கா, உங்க வூட்ல டம்ளரே கெடையாதா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. "இருக்கு."

"பின்ன இன்னாத்துக்கு அந்த கப்பு?"

"எல்லாருக்கும் அதுலதானே குடுத்தோம் ஸ்டெல்லா. எங்கப்பாவுக்குக்கூட."

"அதான் கேக்கறேன். உங்கப்பா இதுக்கு முன்ன என்னிக்காச்சும் அதுல குடிச்சிருக்காரா?"

டிரைவர் அண்ணாத்தை ரேடியோவைக் குறைத்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருப்போரூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எங்கம்மாவை மாத்தமுடியாது. அவங்களுக்கும் கஷ்டமில்லாம, உனக்கும் வித்தியாசம் தெரியாம பண்ணிடலாம்னு நெனச்சேன்."

"தெரியாத அளவுக்கு நான் ஒண்ணும் கொழந்த இல்ல."

"ஆமா. பாக்கறவங்கள்ல உன்னைச் சேக்காம விட்டுட்டேன்."

மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் ஏதோ நடந்தது என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு அவள் யாரையுமே தன் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே காலனிக்கு வந்தாள். எங்கள் வீட்டில், என் அம்மா கொடுத்த டம்ளரில் வாய்வைத்துக் காபி குடித்தாள், மீன் குழம்பு வாசனையில் மூக்கைச் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தாள், என் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் வீட்டில் ஒரு துரும்பும் அசையவில்லை. இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? அவள் மாறினாளா, அல்லது பிரச்சினையை என் வீட்டுக்கு நகர்த்திவிட்டாளா? எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. என் அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

இனி அந்த ஸ்பெக்.

வேலை முடிகிற நேரம். ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் கிளாஸில் 'பிடித்துவை' என்று ஒரு செயல் இருந்தது. வேறொரு பகுதி அதைக் கூப்பிட்டால் கதவைத் திறந்தபடி நிறுத்திவைக்கும். அதைக் கூப்பிடுகிற இடம் எங்கே என்று முழு ஸ்பெக்கையும் தேடினோம். எங்கேயும் இல்லை. பட்டன் கூப்பிடவில்லை, பெட்டி கூப்பிடவில்லை, யாரும் கூப்பிடவில்லை. எப்போதோ எழுதி, மறந்துபோய்க் கிடக்கிற செயல் என்று தோன்றியது. அக்காவின் விதிகளில் கடைசி விதி இதற்குத்தான். யாரும் கூப்பிடாத செயலை எடுத்துவிடலாம். எடுத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நிபந்தனை ஒன்றே ஒன்று. கையில் இருக்கிற ஸ்பெக் முழுசாக இருக்கவேண்டும். அதற்கு வெளியே இருந்து யாரும் கூப்பிடக்கூடாது.

அன்று மேனேஜரின் கார் ரிப்பேர். பூஞ்சேரியில் வேனில் ஏறினார். முன்சீட்டில் உட்கார்ந்து போனில் யாரிடமோ பேசிக்கொண்டே வந்தார். அக்கா பின்னாலிருந்து எட்டிக் கேட்டாள்.

"சார், இந்த ஸ்பெக் முழுசுதானே? இதுக்கு வெளியில வேற டாக்குமெண்ட் ஏதாவது இருக்கான்னு கேக்கச் சொன்னேனே."

"முழுசுதாம்மா. பேசிட்டேன்."

"கிளையன்ட்கிட்டயா?"

"வேற யாருகிட்ட? நீங்க அனுப்புங்க, நாளைக்குப் போயாகணும்."

இவ்வளவுதான். காதில் வாங்கியவர்கள் அக்கா, நான், டிரைவர். ஒரு குறி இடம் மாறினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காதவள், ஒரு ஆள் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பிச் சொன்ன வார்த்தையை நம்பினாள். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. 'பிடித்துவை'யை எடுத்தோம். நிரூபணம் எழுதினோம். பழையது செய்கிற அனைத்தையும் புதியது செய்யும், வேறெதையும் செய்யாது என்று முதல் பக்கத்தில் ஒரு உறுதி. அதன் கீழே அக்காவின் கையெழுத்து. போனது.

அந்த மனுஷன் கிளையன்டிடம் கேட்கவே இல்லை.

ஆஸ்பத்திரி ஊழியர்கள் சாவி போட்டுத் திருப்புகிற ஒரு பெட்டி லிஃப்டுக்கு வெளியே சுவரில் இருக்குமாம். அதை வேறொரு கம்பெனி செய்கிறது. அதற்கு வேறொரு டாக்குமெண்ட், அது எங்களிடம் வந்ததே இல்லை. 'பிடித்துவை'யைக் கூப்பிடுவது அந்தச் சாவிதான். அங்கே எங்கள் ஸ்பெக்கை வைத்து நிரல் எழுதி, சோதனைக் கோபுரத்தில் லிஃப்டை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். மணல் மூட்டையைப் படுக்கவைத்த ஸ்ட்ரெச்சர் பாதி உள்ளே, பாதி வெளியே. சாவியைத் திருப்பினார்கள். கதவு கேட்கவில்லை. மூடியது, இடித்தது, திறந்தது, திரும்ப மூடியது. மனுஷர் யாருக்கும் அடியில்லை. ஆனால் மாறவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது மாறியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரே வரியில் கேட்டிருந்தான் கிளையன்ட்.

மீட்டிங் போட்டார்கள். மேனேஜர் நிதானமாகப் பேசினார். "ப்ரூஃப் அவங்க பண்ணது. உறுதி அவங்க குடுத்தது. நான் டெக்னிகலா உள்ள போறதில்ல."

நான் எழுந்துவிட்டேன். "சார், முழுசுன்னு சொன்னது நீங்க. வேன்ல, என் முன்னாடி. டிரைவர வேணா கூப்புட்டுக் கேளுங்க."

"நான் சொன்னேனா?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

அக்கா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விதியில நிபந்தனை இருக்கு. அது சரியா இருக்கான்னு பாக்க வேண்டியது விதியைப் போட்டவங்க. நான்தான் பாக்கலை."

"அக்கா, நீங்க கேட்டீங்க. அவுரு பொய் சொன்னாரு."

"உக்காரு ஸ்டெல்லா."

"இன்னாத்துக்கு உக்காரணும்?"

"உக்காரு."

அத்தனை பேர் முன்னால் நான் பொய்க்காரி ஆனேன். உட்கார்ந்தேன்.

வெளியே வந்ததும் மாடிப்படியில் அவளைப் பிடித்து நிறுத்திக் கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, ஸ்பெக் விளக்குகிற அதே குரலில் விளக்கினாள். கிளையன்டைப் பிடித்துவைத்திருப்பது மேனேஜர். அவர் போனால் கிளையன்ட் போவான். கிளையன்ட் போனால் டீமே போகும், நான் உட்பட. எனக்குத் தம்பி படிக்கிறான். மற்றவர்களுக்கு வீட்டுக் கடன், குழந்தை. அவள் ஒருத்தி போனால் மீதி எல்லாம் அப்படியே இருக்கும்.

"உங்களுக்கு இன்னா இருக்கும்?" என்றேன்.

"என்னைப் பத்தி இல்லை. வெளியில இருந்து பாரு."

"வெளியில இருந்து பாக்க மாட்டேன். இந்த வேல வந்தாதான நீங்க நெனச்சத பண்ண முடியும்? வேற எங்க போயி பண்ணுவீங்க? செங்கல்பட்டுல யாரு ஸ்பெக் எழுதறான்?"

அவள் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்ன கணக்குச் சரியாகவே இருந்திருக்கலாம். மேனேஜர் போயிருந்தால் நாங்கள் எல்லோரும் ரோட்டுக்கு வந்திருக்கலாம். எனக்கு அது வேண்டாம். சரியாக இருக்கிற எல்லாக் கணக்கையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த ஆளைப் பார்த்து நீங்கதான் என்று விரலை நீட்டியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? எல்லாம் மாறியிருக்கும். அவ்வளவுதானே? மாறட்டுமே.

ராஜினாமா கொடுத்தபிறகு ஒரு மாதம் ஆபீஸ் வரவேண்டும் என்பது விதி. அந்த மாதத்தில் அவள் செய்தது போல ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. தன்னைத்தானே நகர்த்தினாள். நிரூபணம் சரிபார்க்கிற வேலை ஒரு பையனுக்குப் போனது. கிளையன்டுக்கு மெயில் எழுதுவது இன்னொரு பெண்ணுக்கு. அந்தப் பெண்ணைத் தன் நடையிலேயே எழுதப் பழக்கினாள். வாரக் கடைசி ரிப்போர்ட் எனக்கு. மழையில் வேன் பாதை மாற்றுவதுகூட, டிரைவர் அண்ணாத்தைக்கே சொல்லிக் கொடுத்துவிட்டாள். யாருக்குத் தலைவலி வந்தால் மாத்திரை எங்கே இருக்கும், ஏசிக்காரன் வரவில்லை என்றால் யாருக்குப் போன் போடவேண்டும், எல்லாம் ஒவ்வொன்றாக, ஒரு நாளைக்கு ஒன்று. ஒன்றை ஒப்படைத்துவிட்டு, மறுநாள் முழுக்க அதைத் தொடாமல், தள்ளி நின்று பார்ப்பாள். யாராவது அவளைத் தேடி வந்தால் அன்றைக்கு அது சரியாகவில்லை என்று அர்த்தம். திரும்பச் செய்வாள். கடைசி வாரத்தில் அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளை வேனில் பார்க்காமல் இருந்திருந்தால், அவள் ஆபீஸில் இருக்கிறாள் என்பதையே அந்த வாரம் நானும் மறந்திருப்பேன்.

வழியனுப்பு விழா வேண்டாம் என்றாள். கேக் வெட்டினால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே.

அடுத்த திங்கட்கிழமை வேன் கோயில் தெருப் பக்கம் திரும்பாமல் நேராகப் போனது. அந்த நேரத்தைச் சரிக்கட்ட அண்ணாத்தையை ஐந்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பச் சொல்லியிருந்தாள். வழக்கமான நேரத்துக்கு ஆபீஸ். மெயில்கள் போயின. ரிப்போர்ட் போனது. ஏசி ஓடியது. ஒன்றுமே ஆகவில்லை. நான் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒன்றுமே ஆகவில்லை என்பதுதான் காரணம். ஏதாவது உடைந்திருக்கலாம். ஒரே ஒரு மெயிலாவது தப்பாகப் போயிருக்கலாம்.

நான் அங்கே இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தேன். பிறகு மேனேஜர் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை சொல்லிவிட்டுச் சென்னைக்கு வேறு வேலைக்குப் போனேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஊருக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கு தீர்த்தக் குளத்துப் பக்கம் அவளைப் பார்த்தேன். கல்பாக்கம் ரோட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருப்பதாகச் சொன்னாள். இளைத்திருந்தாள். குளத்துக்கு எதிரே நின்று பேசினோம். திருவிழா இல்லாத நாளிலும் அந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் உண்டு. அவளுக்குத் தெரிந்தவர்கள் போகிறபோக்கில் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் நிற்கிற என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் வைத்திருந்த விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க விதியெல்லாம் கிளையன்ட் எடுத்துக்கினாங்கக்கா. அவங்க கம்பெனி பூரா அதான் இப்ப. நீங்க வெச்ச வரிசை கூட அப்படியே கீது. உங்க பேரு மட்டும்தான் இல்ல."

"கடைசி விதியில நிபந்தனையைப் பெருசா எழுதியிருக்காங்களா?"

"எழுதிகீறாங்க. வெளிய யாரு கூப்புடறாங்கன்னு எழுத்துல வாங்கணும்னு."

கண்ணை மூடி யோசித்தாள். அந்த ஒரு நிமிஷம் பழைய அக்காவாக இருந்தாள். "சரிதான். இப்ப ஓட்டை இல்லை."

"பேரு இல்லன்னு சொல்றேன், நீங்க இன்னாவோ கேக்கறீங்க."

"பேரு இருந்தா விதி வேற மாதிரி ஆயிடுமா?"

"அந்த மேனேஜர இப்ப பெரிய ஆளா ஆக்கிட்டாங்க."

"அப்படியா."

அவ்வளவுதான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஸ்பெக் எழுத முடியாது, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடுதான் சொல்லித்தருகிறேன் என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. என் பஸ் வருகிற நேரம். அவள் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டாள்.

"நான் போனப்புறம், யாருக்காவது தெரிஞ்சுதா?"

என்ன பதில் வந்தால் அவள் சந்தோஷப்படுவாள் என்று எனக்குத் தெரியும். அது உண்மையாகவும் இருந்தது. அதுதான் கொடுமை.

"ஒருத்தருக்கும் தெரியலக்கா. மறுநாளே எல்லாம் சரியாப் போச்சு."

முகம் மலர்ந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"நான் அழுதேனே. பாத்ரூம்ல போயி அழுதேன். அத எங்க சேக்கறது?"

அவள் என் கையைப் பிடித்தாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். அவள் விடவில்லை.

"நீ உள்ள இருக்கறவடி" என்றாள். "நான் வெளியில இருக்கறவங்களைக் கேட்டேன்."

அதை மெதுவாகச் சொல்லவில்லை. அவள் தெருவில், அவள் ஆட்கள் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னாள். பஸ் வந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு ஏறினேன். உள்ளே என்று அவள் சொன்னதற்குச் சந்தோஷப்படவா, உள்ளே இருப்பவர்களின் அழுகையைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்றதற்குத் திட்டவா என்று தெரியாமல், செங்கல்பட்டு வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன். உட்கார இடம் இருந்தது.